பம்புக்குப் பின்பக்கம்

...கொதிக்க விட்டுவிடக் கூடாது, கை பொறுக்கிற சூடு போதும், கொதிக்கிற தண்ணீர் பட்டால் பழைய பெயின்ட் பொருக்குத் தட்டிவிடும், அப்புறம் நகம் பட்டாலே செதில் செதிலாக உரிந்து வரும், டாக்டர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்ப்பார், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பார், அதுதான் தாங்காது. பல் டாக்டர். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறவர்களிடமே பேசிப் பேசி, பதில் வராது என்கிற பழக்கத்தில், எல்லாரிடமும் கேள்வியும் தானே பதிலும் தானே என்று பேசுகிற மனிதர். பத்து வருஷமாகப் பழைய படகு மோட்டார்களைச் சேர்த்து வீட்டு முன்னறையில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார், வருகிற விருந்தாளிக்கு உட்கார நாற்காலி கிடையாது, மோட்டாருக்கு மட்டும் ஆளுக்கொரு ஸ்டாண்டு. நேற்று வந்து, புதுப் பெயின்ட் அடிக்கவே கூடாது, இருக்கிற பெயின்ட் பொட்டளவுகூடப் போகவும் கூடாது, எண்ணெயும் அழுக்கும் மட்டும் போக வேண்டும், முடியுமா, முடியும், உங்களால் முடியும் என்று தானே சொல்லி முடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பிரிக்காத டூத் பிரஷ் ஆறு எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார், மென்மையான ரகம், ஈறு பலவீனமானவர்களுக்குக் கொடுப்பதாம். ஒரு மணிக்கு வண்டியோடு வருகிறார். இப்போது ஒன்பதரை. மெக்கானிக் அடுப்பை அணைத்து, மண்ணெண்ணெய் டப்பாவுக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தார், சூடான தண்ணீரை வாளியில் ஊற்றிப் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கொஞ்சம் விட்டுக் கலக்கினார், நுரை வந்தது, போதும் என்று தோன்றிய பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார்.

வேறு எந்த மோட்டாராக இருந்தாலும் இந்த வேலையைப் பன்னிரண்டுக்குள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இது மச்சினனுடையது. மனைவியின் தம்பியுடையது. ஸ்டாண்டில் மாட்டி நிறுத்தியதிலிருந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, ஏதோ கேட்க வந்து தயங்கி நிற்கிற ஆள் மாதிரி நிற்கிறது. மேலிருந்து தொடங்க வேண்டும். எந்த மோட்டாரானாலும் மேலிருந்துதான், அழுக்கு கீழேதானே வழியும், கீழே துடைத்துவிட்டு மேலே வந்தால் துடைத்த இடத்தையே மறுபடி துடைக்க வேண்டிவரும், தொழில் தெரியாதவன் செய்கிற வேலை அது. ஆனால் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது கீழே, தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்கு எதிரில். ஏன்? சும்மாதான். கீழ்ப் பாகத்தில் கிரீஸ் காய்ந்து இறுகிப் பிசின் மாதிரி ஆகியிருக்கிறது, முதலில் அதை ஊறப் போட்டுவிட்டால்... ஆமாம், அதற்காகத்தான். மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த பனியன் துணியை விசிறியின் கழுத்தில் சுற்றினார். தின்னர் பட்டால் பெயின்ட் கூழாகிவிடும், பெட்ரோல் பளபளப்பைத் தின்றுவிடும், மண்ணெண்ணெய்கூட நெடுநேரம் நிற்கக் கூடாது, கிரீஸ் இளகியதும் ஒற்றி எடுத்துவிட்டு உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் பரீட்சை பார்க்க வேண்டும். பார்த்துவிட்டார், படகில் மாட்டுகிற கொக்கிக்கு உள்பக்கம், சுண்டுவிரல் அகலத்துக்கு. துணியில் கருப்பு வந்தது, நீலம் வரவில்லை. அப்படியென்றால் பயமில்லை. பெயின்டைப் பொறுத்தவரை பயமில்லை.

துணி ஊறட்டும் என்று அதற்கு மேலே பிரஷ் முனையால் பொடித் துருவலாகக் கிரீஸைத் தள்ளத் தள்ள உள்ளேயிருந்து நீலம் எட்டிப் பார்த்தது, வெயிலில் வெளிறாத, மூடிக் கிடந்ததாலேயே புதிதாக இருக்கிற நீலம். இடுக்குகளுக்கு மூங்கில் குச்சியைச் சீவி வைத்திருந்தார், இரும்பு எதுவும் கிட்டே வரக் கூடாது, ஸ்க்ரூ டிரைவரைக் கை நீட்டி எடுக்கிற பழக்கம் தன்னால் வந்துவிடும் என்று அதை வேண்டுமென்றே மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருந்தார். ஐந்து மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்திருக்கிறது. ஐந்து மாதமா? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் எதிரே தெரிகிற தீவுக்கு, கலங்கரை விளக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போனவன், வாரத்துக்கு இரண்டு நடை போகிறவன், தூக்கத்தில்கூடப் போய்விட்டு வருகிற வழி. திரும்பி வரும்போது காற்று பிடித்துக்கொண்டது. பாறைகள் இருக்கிற திருப்பத்தில் வந்து மோட்டார் நின்றது. வேறு எங்கு நின்றிருந்தாலும் அலை தூக்கித் தூக்கிப் போட்டிருக்கும், அவ்வளவுதான், அங்கே நின்றதால் பாறையில் கொண்டுபோய்ச் சாத்தியது. கையால் தள்ளியிருக்கிறான். படகு முட்டாமல் இருக்க வலது கையைப் பாறையில் ஊன்றித் தள்ளியிருக்கிறான், அடுத்த அலை படகைக் கையோடு சேர்த்து... வேண்டாம். மூன்று விரல் இப்போது மடங்குவதில்லை. கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்ப முடியாது, சுக்கானைப் பிடிக்க முடியாது, இப்போது படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற அறைக்குள் உட்கார்ந்திருக்கிறான். எப்படியடா வந்து சேர்ந்தாய் என்று எல்லாரும் கேட்டபோது அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான், பழைய இன்ஜின்தானே, நின்னுச்சு, அப்புறம் அதுவா மனசு வந்து ஸ்டார்ட் ஆயிருச்சு. ஆஸ்பத்திரியில் சொன்னான், வீட்டில் சொன்னான், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். மோட்டாருக்கு ஏது மனசு? முப்பது வருஷம் மோட்டாரின் வயிற்றுக்குள் கை விட்டுக்கொண்டிருக்கிற அவருக்குத் தெரியாதா, அது நிற்பதற்கும் காரணம் உண்டு, கிளம்புவதற்கும் காரணம் உண்டு, காரணமில்லாமல் ஒரு போல்ட்கூட அசையாது. ஆனாலும் அவரும் தலையாட்டினார். எல்லாரையும்விடக் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினார்.

ஏனென்றால் அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த மோட்டாரைச் சர்வீஸ் பண்ணியது அவர்தான். இதே ஸ்டாண்டு, இதே இடம். பெட்ரோல் பம்பைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் சவ்வை மாற்றி, மறுபடி மாட்டி, ரப்பர் குழாயைப் பம்பின் மூக்கில் சொருகி, கிளிப்பைப் போட்டு முறுக்கி... முறுக்கினேனா? கிளிப் போட்டேனா? அதுதான் கேள்வி. ஐந்து மாதமாக அந்தக் கேள்வி. குழாயைச் சொருகியது ஞாபகம் இருக்கிறது, கட்டைவிரலில் வழவழப்புகூட ஞாபகம் இருக்கிறது, கவரை மூடியது ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை, வெட்டி எடுத்த மாதிரி. கிளிப் போடாமல் விட்டாலும் குழாய் உடனே கழன்றுவிடாது, ஒரு நடை தாங்கும், ஒன்றரை நடை தாங்கும், அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், நழுவிக் கழன்றால் பெட்ரோல் போகாது, பெட்ரோல் போகாவிட்டால்... நிற்கும். மழையில் நனைந்த கோழி மாதிரி இரண்டு முறை உதறிவிட்டு நிற்கும். அன்றைக்கு ஏன் கவனம் இல்லை? அதற்கும் பதில் இருக்கிறது, அதுதான் இன்னும் மோசம். முந்தின நாள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சினன், மாமா கைய வச்சா மோட்டார் ஓடும், வாயத் தொறந்தா ஓடுற மோட்டாரும் நின்னுடும் என்று சொல்ல, மனைவி சிரித்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. மறுநாள் குழாயைச் சொருகும்போது அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான், அவனும் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மாமா சீக்கிரம், மாமா இருட்டப்போவுது என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான், போய்த் தொலை என்று... போய்த் தொலை என்று நினைத்துக்கொண்டுதான் கவரை மூடினார். யாராக இருந்தாலும் நினைக்கிறதுதானே. வாயால் சொல்லவில்லையே. மறதி வேறு, அது வேறு. வேறுதானா?

துணி ஊறிவிட்டது, பத்து நிமிஷம் என்று வைத்தது இருபது ஆகிவிட்டது, அவசரமாக அவிழ்த்து ஒற்றினார், நல்லவேளை, நீலம் நின்றது. விசிறியிலிருந்து தலைவரைக்கும் போகிற நீள்கால் முழுக்க முடிந்தது. பக்கவாட்டில் எழுத்து ஒட்டியிருக்கிற இடத்தில் மண்ணெண்ணெய் படக் கூடாது, வெறும் சோப்பு நுரையை விரலால் எடுத்து வைத்து, தானே ஊறட்டும் என்று காத்திருந்து, துணியை மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுத்தார். எழுத்தில் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் சுற்றிப் போனார். மணி பதினொன்று ஐந்து. எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார், யாரும் வரவில்லை, யாரை எதிர்பார்த்தார்? திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்து தண்ணீரை மாற்றினார், தண்ணீர் மாற்ற வேண்டிய அளவுக்கு அழுக்காகவே இல்லை. இந்த மோட்டாரை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம், டாக்டருக்கு ஊரில் ஆள் இல்லையா? மனைவிதான் ஏற்பாடு. பல் பிடுங்கப் போன இடத்தில், தம்பியோட பழைய மோட்டார் ஒண்ணு சும்மாதான் கெடக்கு டாக்டர், எடுத்துக்கங்க, வீட்டுக்காரர் தொடச்சுத் தருவாரு என்று கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டே பேசி முடித்துவிட்டு வந்து, நீங்களே தொடைங்க, வேற யாரும் கைய வைக்க வேணாம் என்றாள். ஏன் வேறு யாரும் கூடாது? கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லுவாள், பதில் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று அவருக்கே தெரியாது. ஐந்து மாதத்தில் மச்சினன் வீட்டுக்கு அவர் போனது ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்து விட்ட அன்று ஒரு தடவை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேலை வந்தது. வேலை வராத ஞாயிறு தலைவலி வந்தது. மனைவி தனியாகப் போய்வந்தாள், உங்களக் கேட்டான் என்பாள், அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

இனிமேல் கீழே துடைக்க ஒன்றும் இல்லை. கவரின் தாழை விடுவித்தார், தூக்கினார், தரையில் துணி விரித்து அதன் மேல் கவிழ்க்காமல் வைத்தார், கவிழ்த்தால் விளிம்பில் பெயின்ட் அடிபடும். உள்ளே கருப்பாக இருந்தது. எண்ணெய் கசிந்து, அதில் தூசி படிந்து, அதன் மேல் உப்புக் காற்று உட்கார்ந்து, எது எந்தப் பாகம் என்று தெரியாதபடி ஒரே கரும் பூச்சு. காற்று உறிஞ்சுகிற வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் பேண்டு போட்டார், வயர்கள் சேரும் இடத்தையும் மூடினார், தண்ணீர் பீய்ச்சக் கூடாது, பிழிந்த துணியும் பிரஷ்ஷும்தான். பம்பு இடது பக்கம், கொஞ்சம் தாழ. அதன் பின்பக்கத்தில் அந்தக் குழாய். இருந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது, குனிந்து எட்டிப் பார்த்தால் தெரியும். அவர் வலது பக்கத்திலிருந்து தொடங்கினார். சிலிண்டரின் வரிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷை விட்டார், ஒரு வரி, இன்னொரு வரி, பல் விளக்கிவிடுகிற மாதிரிதான் இருக்கிறது, டாக்டர் காரணத்தோடுதான் கொடுத்திருக்கிறார். அங்கேயும் நீலம் வந்தது. இவ்வளவு உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் தொழிற்சாலையில் எவனோ ஒழுங்காக அடித்திருக்கிறான். கிளிப் இருந்தால்? இருந்தால் நான் காரணம் இல்லை. நிம்மதியாகத் தூங்கலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம், இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடலாம். இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் துடைத்துவிட்டு ஒரு கிளிப்பைப் போட்டுவிட வேண்டியதுதான், ஒரு நிமிஷ வேலை, டாக்டர் வீட்டு முன்னறையில் நிற்கப்போகிற மோட்டார், இனி ஓடப்போவதில்லை, யாருக்கும் தெரியாது. அந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் ரொம்ப நாளாக உள்ளே தயாராக உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. பிரஷ்ஷை வாளியில் போட்டு அலசினார். மணி பதினொன்று ஐம்பது.

இடது பக்கம் வந்தார். பம்பின் முன்முகத்தைத் துடைத்தார், நான்கு ஸ்க்ரூவும் தெரிந்தன, அவர் முறுக்கியவை, நான்கும் இறுக்கம். மண்ணெண்ணெய்த் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, பார்க்காமல், கண்ணை எதிர்ச் சுவரில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் விரலை விட்டார். குழாய் இருந்தது. குழாயின் மேல் ஏதோ இருந்தது. உயிர் வந்தது. இருக்கிறது, கிளிப் இருக்கிறது, போட்டிருக்கிறேன், அப்புறம் எதற்காக ஐந்து மாதம்... விரல் நின்றது. கிளிப் தட்டையாக இருக்கும், அகலமாக இருக்கும். இது உருண்டை. இது முள் மாதிரி குத்துகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். கம்பி. பொடிக் கம்பி, படகில் தண்ணீர் இறைக்கிற டப்பாவுக்குக் கைப்பிடியாகக் கட்டியிருப்பார்களே, அந்தக் கம்பி. நான்கு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கியிருந்தது, முறுக்கு கோணல் மாணலாக, பாதிவரை ஒரு பக்கமும் பிறகு வேறு பக்கமுமாக, இடுக்கி இல்லாதவன் முறுக்கியது. முனையில் கம்பி நசுங்கிச் சின்னச் சின்னப் பள்ளமாக இருந்தது. துணியால் ஒரு தடவை ஒற்றினார். இன்னொரு தடவை. அதன் மேல் படிந்திருந்த எண்ணெய் போனதும் கம்பி வெள்ளையாக மின்னியது.

அதுவாக மனசு வந்து ஸ்டார்ட் ஆயிருச்சு. மண்டியிட்ட நிலையிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கவரைத் திறந்திருக்கிறான், ஆடுகிற படகில், பாறைக்குப் பக்கத்தில், விரல் நசுங்கிய கையோடு, குழாய் கழன்று தொங்குவதைப் பார்த்திருக்கிறான், கிளிப் எங்கே என்று தேடியிருப்பான், விழுந்து கிடக்கிறதா என்று அடியில் தடவியிருப்பான், இல்லை, இருந்ததே இல்லை என்று அவனுக்கு அங்கேயே புரிந்திருக்கும். எட்டு வருஷம் இதே மோட்டாரோடு குப்பை கொட்டியவன், புரியாமல் இருக்குமா? அந்த நிமிஷம் அவன் மனசில் என்ன ஓடியிருக்கும்? என் பெயர் ஓடியிருக்கும். மாமா என்று நினைத்திருப்பான், எப்படி நினைத்திருப்பான், எந்தக் குரலில்? டப்பாக் கம்பியை உருவி, இடது கையாலும் பல்லாலும்... கட்டிவிட்டு, இடது கையால் கயிற்றை இழுத்து, கரைக்கு வந்து, எல்லாரும் சுற்றி நிற்க, பழைய இன்ஜின்தானே என்று சொல்லியிருக்கிறான். ஐந்து மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மாத்திரை மயக்கத்தில்கூட வாய் தவறவில்லை. நிமிஷத்துக்கு நூறு வார்த்தை பேசுகிற வாய், இந்த ஒன்றைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏன்? இரக்கமா? அக்காவுக்காகவா? இல்லை, நானாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தானா? ஞாயிறுதோறும் தலைவலி வந்த ஆளைப் பற்றி அவன் என்ன நினைத்திருப்பான்? அவர் எழுந்து போய் மேஜை இழுப்பறையைத் திறந்தார், ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் கிளிப் டப்பா இருந்தது, அளவு பார்க்காமலே சரியான ஒன்றைக் கை எடுத்தது. கிளிப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மோட்டாருக்கு முன்னால் வந்து நின்றார். கம்பியை அறுக்க ஒரு நொடி. அறுத்தால் அவன் கட்டியதும் இல்லை, நான் விட்டதும் இல்லை. நின்றார்.

முடிஞ்சிருச்சா மாமா என்று வாசலில் குரல் கேட்டது. சாப்பாட்டு நேரம், டிக்கெட் அறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான், டாக்டர் தூக்கிக்கொண்டு போவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமென்று. வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டிருந்தான், எப்போதுமே அப்படித்தான் வைத்துக்கொள்கிறானாம், மனைவி சொல்லியிருந்தாள். உள்ளே வந்தான், மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான், இவ்வளவு நீலமா இது, நான் ஓட்டுற காலத்துல சாம்பல் கலர்ல இருந்துச்சே என்று சிரித்தான், குனிந்தான், திறந்து கிடந்த உள்பக்கத்தைப் பார்த்தான், பம்பைப் பார்த்தான். அப்புறம் அவர் கையில் இருந்த கிளிப்பைப் பார்த்தான். சிரிப்பு முழுசாகப் போகவில்லை, பாதியில் நின்றது. பேச வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, வாய் திறந்துவிட்டது.

“கிளிப் போடாம விட்டுட்டேன் மாப்ளே.”

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஈரத் துணி ஒன்று அதன் மேல் கிடந்தது, அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்தான்.

“தெரியும் மாமா. நான்தானே கம்பி கட்டுனேன்.”

“ஏன்டா சொல்லல?”

“கரைக்கு வந்ததும் மொத வேலையா உங்களப் புடிச்சுக் கேக்கணும்னுதான் வந்தேன். வழி பூரா திட்டிக்கிட்டேதான் வந்தேன், நல்ல வார்த்தை ஒண்ணுகூட இல்ல. துறையில நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க. கால்ல செருப்பு இல்ல. சட்ட பித்தான் மாத்திப் போட்டிருந்தீங்க. உங்க மூஞ்சியப் பாத்தேன். சரி, அப்புறம் கேப்போம்னு விட்டேன். அப்புறம் நீங்க வீட்டுப் பக்கமே வரல. நானா உங்க கதவத் தட்டி இதச் சொல்லணுமா?”

செருப்பில்லாமல் ஓடினேனா? ஞாபகம் இல்லை. அதுவும் வெட்டி எடுத்த இடத்தில் போய்விட்டதா? அக்காவுக்கு என்று அவர் தொடங்கினார், முடிக்கவில்லை. நான் சொல்லவில்லை என்றான் அவன், சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு, என்னை நடுவில் இழுக்காதீர்கள் என்றான், சாதாரணமாகத்தான் சொன்னான், படகு நேரம் சொல்கிற குரலில். பிறகு எழுந்தான். அவர் கையிலிருந்த கிளிப்பைக் காட்டி, அத மாட்டிறாதீங்க மாமா, கம்பி அப்படியே இருக்கட்டும், பல்லால கடிச்சு முறுக்குனது, பல் டாக்டர் பாத்தாருன்னா சந்தோஷப்படுவாரு என்றான். இந்தத் தடவை சிரிப்பு முழுசாக வந்தது. அவர் கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பி மோட்டாரைப் பார்த்தான், மோட்டாரை மட்டும், எட்டு வருஷம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான், பைக்குள்ளிருந்து கையை எடுத்தான், அந்தக் கையாலேயே கதவை நகர்த்தினான், இரண்டு விரலால், ஒட்டிக்கொண்ட ஈரம் பேன்ட்டில் வட்டமாகத் தெரியப் போனான்.

மணி பன்னிரண்டே முக்கால். இன்னும் மெழுகு பூச வேண்டும், துணி மாற்றி மாற்றி மெல்லிசாக ஒரு பூச்சு, எழுத்தின் மேல் படாமல், காய்ந்ததும் பஞ்சுத் துணியால் மெருகு. பூசினார். இப்போது லேசாக இருக்க வேண்டும் இல்லையா? எல்லாம் வெளியே வந்துவிட்டது, கேட்டாகிவிட்டது, பதில் வந்தாகிவிட்டது, அவன் கையை நீட்டி அடிக்கவில்லை, முகத்தில் துப்பவில்லை, சிரித்துவிட்டுப் போகிறான். நெஞ்சுக்குள் தடவிப் பார்த்தார், லேசு என்று சொல்கிற மாதிரி எதுவும் தட்டுப்படவில்லை. வெட்கம் இருந்தது, அது தெரிந்ததுதான். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது, அதைத் தொட்டதும் அவரே திடுக்கிட்டார். கோபம். அவன் மேல். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா, அந்த வழி பூரா திட்டியதில் ஒன்றையாவது கொண்டுவந்து என் முகத்தில் போட்டிருக்கக் கூடாதா, இத்தனை நாள் நான் தனியாகச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததைத் தானும் சுமந்துகொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி டிக்கெட் கிழித்துக்கொண்டு... இது என்ன நியாயம்? நியாயம் கேட்கிற இடத்திலா நான் இருக்கிறேன்? இல்லை. அது தெரிந்தும் கோபம் போகவில்லை. மெழுகுத் துணி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கையை எடுத்தார்.

போன் அடித்தது. மனைவி. தம்பி அந்தப் பக்கம் வர்றேன்னு சொன்னானே, வந்தானா என்று கேட்டாள். வந்தான் என்றார். என்ன பேசுனீங்க ரெண்டு பேரும் என்றாள். மோட்டாரப் பத்திதான் என்றார் அவர். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இவ்வளவு வழவழப்பாக, தடுக்காமல், யோசிக்காமல் வந்துவிட்டதே, ஐந்து மாதமாக அவனுக்கும் இப்படித்தான் வந்துகொண்டிருந்ததா? ம் என்றாள் அவள். வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது, டாக்டர் இறங்கித் தனக்குத்தானே ஏதோ கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டு வருவது கேட்டது. சரி வைக்கிறேன் என்று வழக்கமாக அவள்தான் முதலில் சொல்லுவாள், சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுவாள், அவர் பதிலுக்கு நிற்கமாட்டாள். இன்றைக்குச் சொல்லவில்லை. போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அடுப்பங்கரைக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், அதை அவள் மூடுகிற சத்தம், அப்புறம் மூச்சு. நீங்களே தொடைங்க என்று சொன்னவள் காத்திருக்கிறாள். எதற்கு? எப்போதிலிருந்து? அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாசலில் வந்து நின்ற டாக்டரைப் பார்த்து, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினார். அவள் இன்னும் வைக்கவில்லை.